மாடித் தோட்டத்தில் யூபோர்பியா: பல வருட அனுபவம்

சென்னையில் நாள் முழுக்க வெயில் விழும் மொட்டை மாடிக்கு ஒரே ஒரு பூச்செடி சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும், யோசிக்காமல் யூபோர்பியா மிலியைத்தான் சொல்கிறேன். நர்சரியில் யூபோர்பியா என்று கேட்டாலே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கத்திரி வெயிலில் ரோஜா கருகி, செம்பருத்தி மத்தியானத்துக்குள் துவண்டுபோகும் நாட்களிலும் இது பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருக்கும். எங்கள் மாடியில் வருடக்கணக்காக இதைப் பார்த்து வருகிறேன்.

இதன் சொந்த மண் மடகாஸ்கர். அதற்குப் பக்கத்து ரீயூனியன் தீவின் பிரெஞ்சு ஆளுநராக இருந்த மிலியஸ் 1821-இல் இதை பிரான்ஸுக்குக் கொண்டுபோனார். அவர் பெயர்தான் செடிக்கும். நம் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் இதற்குப் பங்காளிகள். ஒடித்தால் பால் வடிவதைப் பார்த்தாலே உறவு தெரிந்துவிடும்.

கடைகளில் இரண்டு வகை கிடைக்கிறது. சின்னச் சிவப்புப் பூ வைக்கும் பழைய ரகம் ஒன்று. தண்டு மெலிது, முள் அதிகம், லேசில் சாகாது. இன்னொன்று தாய்லாந்தில் வளர்த்தெடுத்த பெரிய பூ ரகங்கள். அங்கே இதன் பெயர் ‘போய் சியான்’, சீனத்து எட்டுச் சித்தர்களைக் குறிப்பது. ஒரே கொத்தில் எட்டுப் பூ வந்தால் யோகம் என்று நம்புகிறார்கள். அழகில் தாய்லாந்து ரகத்தை அடிக்க முடியாது. ஆனால் தண்டு தடிமனாக, சதைப்பற்றோடு இருப்பதால் ஈரம் தங்கினால் சீக்கிரம் அழுகும். முதல்முறை வளர்ப்பவர்கள் பழைய ரகத்தில் தொடங்குவதே நல்லது.

பூவைக் கிட்டத்தில் பாருங்கள். இதழ் மாதிரி விரிந்திருக்கும் இரண்டும் நிறமேறிய இலைகள்தான். நிஜப் பூக்கள் நடுவில் பொட்டுப் போல, தேன் மினுங்க இருக்கும். அந்த இலைகள் எளிதில் வாடாது என்பதால்தான் ஒரு கொத்து வாரக்கணக்கில் நிற்கிறது.

வெயிலை விட மழைதான் இதற்கு எமன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறந்தவெளியில் விட்டால் அடித்தண்டு அழுகிவிடும். அதனால் மழை தொடங்கியதும் தொட்டிகளை சன்ஷேடுக்குக் கீழே தள்ளிவிடுவோம். தண்டின் அடியை லேசாக அழுத்திப் பார்த்தால் போதும். மெத்தென்று அமுங்கினால் அழுகல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். உடனே அதற்கு மேலே, உள்ளே பழுப்பு நிறம் துளியும் தெரியாத இடம் வரை வெட்ட வேண்டும். வெட்டிய முனையைத் தண்ணீரில் நனைத்தால் பால் நிற்கும். அப்புறம் ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, வெட்டுவாய் இறுகிய பிறகு மணலில் நட்டால் வேர் பிடிக்கும். காயவிடாமல் நட்டால் அதுவும் அழுகும்.

மண்ணுக்கு ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு கரட்டு மணல், அரைப் பங்கு மக்கிய தொழு உரம். தென்னை நார்த்தூளைச் சேர்க்கவே வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர். கோடையில் இலை உதிர்ந்தால் பதறித் தண்ணீரைக் கொட்டாதீர்கள். தண்டு கெட்டியாக இருக்கும்வரை செடி நலமாகத்தான் இருக்கிறது. தழைச்சத்து உரம் அதிகமானால் இலை தளதளவென்று வரும், பூ குறைந்துவிடும். புதுத் துளிர்களில்தான் பூ என்பதால் மழை ஓய்ந்து தை பிறந்ததும் நுனிகளை வெட்டிவிடுகிறேன். வெட்டிய இடத்துக்குக் கீழே புதுக் கிளைகள் வெடிக்கும்.

பூச்சித் தொல்லை என்றால் மாவுப்பூச்சிதான். பூக்காம்பு பிரியும் இடுக்கில் பஞ்சு போல ஒட்டியிருக்கும். முள் இருப்பதால் துடைத்தெடுப்பது கஷ்டம். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிவிட்டு, சாயங்காலம் வேப்ப எண்ணெய்க் கரைசல் தெளித்தால் அடங்கும்.

பால் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் பெரிய வேதனை. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அவசியம். கண்ணில் தெறித்துவிட்டால் நிறையத் தண்ணீரில் கழுவி, நேராகக் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். தவழும் குழந்தையோ, செடியைக் கடிக்கும் நாயோ உள்ள வீட்டில் இதைக் கைக்கு எட்டாத கைப்பிடிச் சுவர் மேல்தான் வைக்க வேண்டும்; அப்படி ஒரு இடம் இல்லையென்றால் வாங்காமல் இருப்பதே சரி.