நசுங்காத நூல்: பிளாஸ்டிகேஜ் ரிவ்யூ

எஞ்சினைப் பிரிச்சு மாட்டுறதுக்கு நான் பண்ண செலவுலயே ரொம்ப கம்மி இந்த பிளாஸ்டிகேஜுக்குத்தான், எஞ்சின் பேரிங்ல இருக்கிற சந்த அளக்கிற பிளாஸ்டிக் நூல் இது. ஆன்லைன்ல ரெண்டு தடவ கார்ட்ல போட்டு ரெண்டு தடவையும் தூக்கிட்டேன், கடைசில டெலிவரி ஃப்ரீ ஆகணும்னா இன்னும் கொஞ்சம் வாங்கணும்னு காட்டுச்சு, சரி போகட்டும்னு போட்டேன். அவ்ளோதான் என் முன்யோசனை.

வண்டி 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரைய மடக்கிட்டு ஓட்டுற டைப். 1962லேர்ந்து 1980 வரைக்கும் அபிங்டன் ஃபேக்டரில செஞ்சாங்க, நான் இருக்கிற ரெடிங்லேர்ந்து கார்ல முக்கால் மணி நேரம்தான். கூரை மூடுன ஜிடி மாடலெல்லாம் சேத்தா அஞ்சு லட்சத்துக்கும் மேல செஞ்சு தள்ளிருக்காங்க, அதனால இங்கிலாந்துல இதுக்கு இன்னிக்கும் எல்லா பார்ட்ஸும் கிடைக்குது, நான் கை வச்ச தைரியமே அதுதான். எஞ்சின் 1798 சிசி பி சீரிஸ், நாலு சிலிண்டர், அஞ்சு மெயின் பேரிங் (பிஸ்டனால சுத்துற கிராங்க்ங்கிற தண்ட தாங்குறது), ரெண்டு எஸ்யூ கார்புரேட்டர், எலக்ட்ரானிக்ஸ்னு ஒரு மண்ணும் கிடையாது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்சா போதும்னு சொல்லுவாங்க. போதாது, ஆனா பாதி உண்மை.

என் பிரச்சன என்னன்னா வண்டி சூடானதும் ஐடில்ல ஆயில் பிரஷர் முள்ளு அப்படியே படுத்துக்கும், ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா அடிலேர்ந்து டொக் டொக்னு சத்தம். பேரிங் தேஞ்சு போச்சுன்னு அதுக்கு அர்த்தம். கிரேன வாடகைக்கு எடுத்து, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒண்ணா சேத்து வெளிய தூக்கி (எம்ஜிபில அப்படி எடுக்கிறதுதான் நிம்மதி, தனியா எடுக்கப் போனா திரும்ப மாட்டும்போது அழணும்), கராஜ்ல ஸ்டாண்ட்ல மாட்டுனது நவம்பர்ல. பிளாக்க போர் பண்ணவும் கிராங்க பத்து தவ் கிரைண்ட் பண்ணவும் ஒரு மெஷின் ஷாப்ல குடுத்தேன், நல்லாவே பண்ணிக் குடுத்தாங்க. தவ்வுன்னா ஒரு இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு. தலைமுடியே ரெண்டு மூணு தவ் இருக்கும், இந்த எஞ்சின்ல பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவுல விட வேண்டிய இடைவெளி 1லேர்ந்து 2.7 தவ்வுக்குள்ள. அந்த முடி அளவு சந்துலதான் ஆயில் நிக்கணும்.

இப்போ இந்த சாமானுக்கு வர்றேன். பாக்கெட்ட திறந்தா மெழுகு மாதிரி ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் நூல், கூடவே அளவு கோடு போட்ட ஒரு அட்டை. சேமியா துண்டக் கூட இதவிட மரியாதையா பேக் பண்ணுவாங்க, இதுக்கா காசுன்னு தோணும். யூஸ் பண்றது சிம்பிள்தான். கிராங்க்ல பேரிங் உக்கார்ற எடமான ஜர்னலையும், அரை வட்டத் தகடு மாதிரி இருக்கிற ஷெல் பேரிங்கையும் ஆயில் இல்லாம சுத்தமா தொடச்சுடணும், பேரிங் அகலத்துக்கு நூல வெட்டி கிராங்க் நீளவாக்குல வைக்கணும், ஆயில் ஓட்டை மேல படாம தள்ளி வைக்கணும், பேரிங்க மூடுற கேப்ப போட்டு, எவ்ளோ இறுக்கம்னு காட்டுற டார்க் ரெஞ்ச்ல முழுசா டைட் பண்ணணும் (மெயினுக்கு 70 பவுண்ட் அடி), அப்புறம் திரும்ப கழட்டணும். நூல் நசுங்கிப் பட்டையா ஆயிருக்கும், அட்டைல இருக்கிற கோட்டோட வச்சுப் பாத்தா இடைவெளி எவ்ளோன்னு தெரிஞ்சுடும். பட்டை அகலமா இருந்தா சந்து கம்மி, ஒல்லியா இருந்தா சந்து ஜாஸ்தி. ஒரு முனை அகலமாவும் இன்னொரு முனை ஒல்லியாவும் இருந்தா ஜர்னல் சாய்வா தேஞ்சிருக்குன்னு அர்த்தம். மைக்ரோமீட்டர் வச்சு கிராங்க தனியா, பேரிங்க தனியா அளந்து கழிச்சுப் பாக்கலாம்தான், ஆனா கராஜ்ல ரெண்டு டிகிரி குளிர்ல கை நடுங்குற ஆளுக்கு மைக்ரோமீட்டர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதை சொல்லும்.

ஒரே ஒரு ரூல்தான், நூல் உள்ள இருக்கிறப்போ கிராங்க சுத்தவே கூடாது. நான் மொத மெயின்லயே டார்க் ரெஞ்ச் இழுத்த இழுப்புல கிராங்க் லேசா திரும்பிருச்சு, கழட்டிப் பாத்தா நூல் தீத்தி விட்ட மாதிரி இருக்கு, படிக்க முடியல. ஒரு துண்டு வேஸ்ட். அப்புறம் ஃபிளைவீல் பக்கம் ரெண்டு போல்ட் போட்டு நடுவுல ஒரு கம்பியக் குடுத்துப் பிடிச்சுக்கிட்டேன். இன்னொண்ணு, பிளாக்க ஸ்டாண்ட்ல தலகீழா திருப்பி வச்சுப் பண்ணுங்க, அப்போ கிராங்க் வெயிட் அந்தப் பக்க ஷெல்ல அழுத்திக்கும், இல்லன்னா கேப் மேல தொங்கி அளவு தப்பா வரும்.

மெயின் அஞ்சும் ஒன்றரைலேர்ந்து ரெண்டு தவ்வுக்குள்ள வந்துச்சு, மனசு ஜாலியாயிருச்சு. அடுத்து பிக் எண்ட், அதாவது பிஸ்டனோட கனெக்டிங் ராடு கிராங்க்ல மாட்டுற பேரிங். நாலு கனெக்டிங் ராடையும் வெயிட் சரியா இருக்கான்னு பாக்க கிச்சன் தராச எடுத்திருந்தேன், வீட்ல "ஏங்க, மாவு அளக்கிற தராசுல என்னங்க கருப்பா?"ன்னு கேட்டதுக்கு இன்னி வரைக்கும் பதில் சொல்லல. ஒண்ணாம் நம்பர் ஒன்றரை தவ், ரெண்டாம் நம்பர் ரெண்டு. மூணாம் நம்பர் கேப்ப கழட்டுறேன், நூல் வச்சது வச்ச மாதிரியே இருக்கு. நசுங்கவே இல்ல, விரல் நகத்தால தள்ளுனா உருண்டு போகுது.

மொதல்ல நான் ஒழுங்கா டைட் பண்ணலன்னு நெனச்சேன். திரும்ப புது நூல், திரும்ப டார்க், திரும்ப அதே உருண்டை நூல். மெஷின் ஷாப்காரர மனசுக்குள்ள நல்லா திட்டிட்டு, வெர்னியர வச்சுப் பாத்தா மூணாம் ஜர்னலும் மத்த மூணு மாதிரியேதான் இருக்கு. பாவம், அவர் மேல தப்பு இல்ல. அப்புறம்தான் ஷெல்ல கையில எடுத்து திருப்பி முதுகப் பாக்குறேன். மத்ததுல எல்லாம் 010ன்னு (பத்து தவ் கிரைண்ட் பண்ண கிராங்குக்கு) பஞ்ச் பண்ணிருக்கு, இந்த ஜோடில மட்டும் எஸ்டிடி. அதாவது கிரைண்ட் பண்ணாத கிராங்குக்குப் போடுற ஸ்டாண்டர்ட் சைஸ். பாக்ஸ் மேல பத்து தவ்னுதான் லேபிள், உள்ள ஆறு துண்டு கரெக்ட், ரெண்டு துண்டு தப்பு. சீல் உடைஞ்சு யாரோ ரிட்டர்ன் பண்ண பாக்ஸோ என்னவோ. ரெண்டு தவ் இருக்க வேண்டிய எடத்துல பன்னெண்டு தவ் ஓட்டை! அப்படியே மாட்டி ஸ்டார்ட் பண்ணிருந்தா ஆயில் பூரா அந்த வழியா ஒழுகி, புதுசா கிரைண்ட் பண்ண கிராங்க்ல ராடு அடிச்சு அடிச்சு ரெண்டாவது தடவ எஞ்சின வெளிய எடுத்திருக்கணும்.

ராட கையால ஆட்டிப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்குமேன்னு அனுபவஸ்தங்க சொல்லுவாங்க, ஷெல் முதுகப் பாத்துட்டு மாட்டுறதுதான மொத பாடம்னும் சொல்லுவாங்க. ரெண்டுமே சரி. ஆனா மொத எஞ்சின் பண்றவனுக்கு பாக்ஸ் மேல எழுதிருக்கிறது வேதவாக்கு மாதிரி தெரியுது, அதான் பிரச்சன. பார்ட்ஸ் வித்தவங்க மாத்திக் குடுத்தாங்க, எட்டு நாள் ஆச்சு, தபால் காசு என் தலைல. புது ஜோடியப் போட்டு அளந்தா ரெண்டு தவ்வுக்குக் கொஞ்சம் கம்மி.

குறைன்னு பாத்தா, கண்ணு சரியில்லாதவங்களுக்கு அட்டைல இருக்கிற கோடு ரொம்பப் பொடி, நான் போன் கேமராவ ஜூம் பண்ணித்தான் படிச்சேன். ரெண்டு கோட்டுக்கு நடுவுல வந்தா குத்துமதிப்புதான், கால் தவ் துல்லியமெல்லாம் எதிர்பாக்காதீங்க. ஜர்னல் முட்டை வடிவமா தேஞ்சிருந்தா ஒரு எடத்துல வச்சுப் பாத்தா தெரியாது, கிராங்க கால்வாசி திருப்பி இன்னொரு துண்டு செலவு பண்ணணும். பழைய ஸ்டாக்க மட்டும் வாங்காதீங்க, காஞ்சு போயி மடக்குனா ஒடியுது. அளந்து முடிச்சதும் சொரண்டாதீங்க, ஆயில் தொட்டுத் தொடச்சா வந்துரும்.

மார்ச்ல ஸ்டார்ட் பண்ணேன். பிளக்க எல்லாம் கழட்டிட்டு ஸ்டார்ட்டர்ல சுத்த விட்டு, பிரஷர் முள்ளு எந்திரிச்சதுக்கு அப்புறம்தான் பெட்ரோல் குடுத்தேன். வால்வ திறக்கிற கேம்ஷாஃப்ட்டும் புதுசுங்கிறதால இருபது நிமிஷம் ரெண்டாயிரம் ஆர்பிஎம்முக்குக் கீழ விடாம ஓட விட்டேன், அக்கம்பக்கத்துல எல்லாரும் ஜன்னல சாத்திட்டாங்க. இப்போ 20டபிள்யூ50 ஆயில்ல நல்லா சூடானப்புறமும் ஓட்டத்துல 60 பி.எஸ்.ஐ நிக்குது.

அஞ்சுக்கு நாலரை. அரை மார்க் அந்த பொடி எழுத்துக்காக. பாக்கெட்ல இன்னும் மூணு துண்டு மிச்சம் இருக்கு, பக்கத்து வீட்டு பெரியவர் அவரோட டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்ல கிராங்க் முன்ன பின்ன ஆடுதுன்னு அத கடன் கேட்டாரு. அது கிராங்க் முன்ன பின்ன நகராம தடுக்கிற த்ரஸ்ட் வாஷர் பிரச்சன, அதுக்கு இந்த நூல் ஒத்து வராதுன்னு சந்துல சொருகி அளக்கிற தகடு, ஃபீலர் கேஜ குடுத்து அனுப்பிருக்கேன், இன்னும் திரும்பி வரல.