எபிடேட்டா: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

தாளில் நிரப்பிய கேள்விப் படிவங்களைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரி ஒதுக்கினாலே பெரிது. ஆனால் ஆய்வு கெடுவது பெரும்பாலும் அங்கேதான். அந்த வேலைக்குப் பல ஆண்டுகளாக நான் எபிடேட்டாவைத்தான் நம்பியிருக்கிறேன்.

டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரிலிருந்து வரும் இலவச மென்பொருள் இது. டாஸ் காலத்தில் நோய்ப்பரவல் ஆய்வுகளுக்குப் பயன்பட்ட எபி இன்ஃபோ 6 என்ற மென்பொருளின் எளிமையை விண்டோஸுக்குக் கொண்டுவரப் பிறந்தது. பழைய 3.1 பதிப்பில் கேள்விகளுக்கு ஒரு கோப்பு, எந்தப் பதிலை ஏற்கலாம் என்ற விதிகளுக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று என மூன்றையும் கட்டிக் காக்க வேண்டும். இப்போது எல்லாம் ஒரே ஈபிஎக்ஸ் கோப்புக்குள் அடங்கிவிட்டன. படிவம் அமைக்க மேனேஜர், தட்டச்சு செய்ய என்ட்ரி கிளையன்ட், கணக்குப் பார்க்க அனாலிசிஸ்.

"எக்செல் போதாதா?" என்று கேட்காதவர்கள் குறைவு. எக்செல் நாம் தட்டச்சு செய்வதற்குத் தானே ஒரு பொருள் கற்பித்துக்கொள்ளும். மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுப் பெயர்களை அது தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது! எபிடேட்டாவில் ஒரு புலம், அதாவது ஒரு பதிலை நிரப்பும் கட்டம், எண்ணா, தேதியா, எழுத்தா என்பதை முதலிலேயே நாம் சொல்லிவிடுகிறோம். அதை மீறி எதுவும் உள்ளே போகாது.

இதன் உண்மையான பலம் இரட்டைப் பதிவு. ஒரே படிவத்தை இருவர் தனித்தனியாகத் தட்டச்சு செய்கிறார்கள். பிறகு இரண்டு கோப்புகளையும் அடையாள எண் வாரியாக ஒப்பிட்டு, எந்தப் பதிவில் எந்தப் புலம் மாறுகிறது என்று மென்பொருள் பட்டியல் தருகிறது. பிறந்த தேதி ஒன்றில் 17/12/1958, மற்றொன்றில் 17/12/1985 என்று இருக்கும். இரண்டுமே நடக்கக்கூடிய தேதிகள் என்பதால் எந்த விதியாலும் இதைப் பிடிக்க முடியாது. ஒப்பிட்டால் மட்டுமே தெரியும். தெரிந்ததும் தாளை எடுத்துப் பார்த்துத் திருத்த வேண்டும். எது சரியாக இருக்கும் என்று ஊகித்துத் திருத்தக் கூடாது. தாளிலேயே தவறு இருந்தால் இரட்டைப் பதிவு அதை இரண்டு முறை பிசகாமல் ஏற்றித் தரும் என்பதும் உண்மை.

விதிகள் கூடக் கூடத் தரவு நம்பகமாகும் என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வயதுக்கு 1 முதல் 90 வரை என்று எல்லை போட்டு, கட்டாயம் நிரப்பவேண்டிய புலம் என்றும் குறித்துவிடுங்கள். எட்டு மாதக் குழந்தையின் படிவம் வந்தால், தட்டச்சு செய்பவர் 1 என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. படிவம் வேறு வழி விடவில்லை. இப்படி விளையும் பொய் பிழையைவிட மோசமானது, ஏனென்றால் எந்தச் சோதனையிலும் அது சிக்காது. எனவே கட்டாயப் புலம் ஒவ்வொன்றுக்கும் 'தெரியாது' என்பதற்கு ஒரு குறியீடு வைத்தே தீர வேண்டும்.

வயதுக்கு அது 99 ஆக இருக்கக் கூடாது. அந்த வயதில் மனிதர்கள் இருக்கிறார்கள். மூன்று இலக்கப் புலம் அமைத்து 999 வைப்பது நல்லது. 999 என்றால் விடுபட்ட மதிப்பு என்று மேனேஜரில் குறித்துவைத்தால், பகுப்பாய்வில் அது தானாக ஒதுக்கப்படும். காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பான சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்தால் இந்தக் குறிப்பு உடன் வராது. 95 பேரின் சராசரி வயது 30, மீதி 5 பேருக்கு 999 என்று இருந்தால், அதைத் திறப்பவருக்குச் சராசரி 78-ஐத் தாண்டிவிடும். இப்படிப் பெரிதாகத் தவறினால் கண்ணில் படும். ஆயிரம் பேரில் ஒரே ஒரு 999 இருந்தால் சராசரி 31-ஐக்கூட எட்டாது, யாருக்கும் சந்தேகம் வராது. சிஎஸ்வியோடு, ஒவ்வொரு குறியீட்டுக்கும் பொருள் சொல்லும் கோட்புக்கையும் சேர்த்து அனுப்புவதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

அனாலிசிஸ் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நிகழ்வெண் அட்டவணை, சராசரி, இருவழி அட்டவணை எல்லாம் நொடியில் வரும். கட்டளைகளைக் கோப்பாகச் சேமித்தால் யார் வேண்டுமானாலும் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். அதற்கு மேல் சிக்கலான புள்ளியியல் மாதிரிகள் தேவைப்பட்டால் நான் ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழிக்குப் போய்விடுகிறேன்.

பல ஊர்களிலிருந்து ஒரே நேரத்தில் தரவு வந்து சேர வேண்டும் என்றால் எபிடேட்டா சரிவராது. ஒவ்வொரு கணினியிலும் தனிக் கோப்பு, பிறகு இணைப்பு வேலை. அந்தத் தேவைக்கு, அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004-இல் தொடங்கிய, இணையம் வழியே தரவு சேர்க்கும் ரெட்கேப் பொருத்தமானது. ஆனால் அதற்கு ஒரு சர்வரும், அதைப் பராமரிக்க ஆளும் வேண்டும். சில நூறு படிவங்களை வைத்துக்கொண்டு இரண்டு பேராக வேலை செய்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.