கேஸை விட்டு மின்சாரத்துக்கு: பீர் காய்ச்ச இண்டக்‌ஷனா, எலிமென்டா, ஆல்-இன்-ஒன்னா?

இங்கிலாந்தில் வீட்டில் பீர் காய்ச்ச 1963 முதல் லைசென்ஸ் தேவையில்லை. விற்கக் கூடாது, அவ்வளவுதான். (தமிழ்நாட்டின் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இதற்கு இடம் தராது. ஊரில் இருப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.) இங்கே பலரைப் போல நானும் புரொப்பேன் சிலிண்டரும் பர்னருமாகத்தான் காய்ச்சிக்கொண்டிருந்தேன். வெளியே வைத்தால் காற்று தீயை அலைக்கழிக்கிறது. கராஜுக்குள் வைத்துக் கதவை மூடினால் கார்பன் மோனாக்சைடு. மின்சாரத்துக்கு மாற இது ஒன்றே போதும்.

மாறுவதென்றால் கைக்கு அடங்கும் விலையில் மூன்று வழிகள் உண்டு. பானையில் துளையிட்டு ஹீட்டிங் எலிமென்ட் பொருத்துவது. பம்ப், கன்ட்ரோலர் எல்லாம் சேர்ந்து வரும் ஆல்-இன்-ஒன் வாங்குவது. அல்லது 3 கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்பில் சாதாரண பானையை வைப்பது. நான் தேர்ந்தெடுத்தது இண்டக்‌ஷன்.

முதலில் வேகம். இங்கே சுவர் சாக்கெட்டில் 13 ஆம்பியர்தான், அதாவது ஏறக்குறைய 3 கிலோவாட். மூன்று வழிக்கும் இதுவே உச்சவரம்பு. 27 லிட்டரைக் குழாய்த்தண்ணீரின் 10 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 2.8 யூனிட் வேண்டும். அப்புறம் ஒரு மணி நேரக் கொதி. அதில் 3 லிட்டர் ஆவியாக வேண்டுமென்றால் அதற்கு மட்டும் 1.9 யூனிட். வீணாகும் சூட்டையும் சேர்த்தால் ஒரு தடவைக்கு 5, 6 யூனிட் ஆகும். யூனிட் 25 பென்ஸ் என்று வைத்தால் ஒன்றரை பவுண்டுக்குள் 23 லிட்டர், அதாவது 40 பைண்ட் பீர். எலிமென்ட் வோர்ட்டுக்குள்ளேயே (பீராகப் போகும் இனிப்புச் சாறு) மூழ்கியிருப்பதால் சூடு சிதறாது. வேகத்தில் அது ஒரு படி மேல். ஆனால் இண்டக்‌ஷனில் தீ இல்லாததால் பானையைச் சுற்றி கேம்பிங் பாயைக் கட்டிவிடலாம். அதில் அந்த இடைவெளி பெருமளவு குறைந்துவிடுகிறது.

என் முடிவைத் தீர்மானித்தது வேகம் அல்ல, அடிப்பிடிப்பதும் அதற்குப் பிறகு கழுவுவதும்தான்.

வோர்ட் வெறும் தண்ணீர் இல்லை. மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியிலிருந்து, வந்த சர்க்கரை, புரதம், வடிகட்டியில் தப்பிய மாவு எல்லாம் அதில் இருக்கின்றன. சூடான பரப்பில் மாவு படிந்து உட்கார்ந்தால் கருகும். அடிப்பிடித்த பாலை எந்த ஏலக்காயாலும் காப்பாற்ற முடியாது. பீரிலும் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களை எவ்வளவு போட்டாலும் அந்தப் புகை வாசம் போகாது. கோதுமை, ரை தானியம் சேர்த்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

எலிமென்ட் வழியில் இதற்குத் தீர்வு நீளமான, மடித்து வளைத்த, வாட் அடர்த்தி குறைந்த எலிமென்ட். சதுர சென்டிமீட்டருக்கு 8 வாட் அளவுக்குள் இருந்தால் பெரும்பாலும் கருகாது. கெட்டிலில் வரும் குட்டையான எலிமென்ட் விலை மலிவு, ஆனால் அதே சக்தி சின்னப் பரப்பில் இறங்குகிறது. நல்ல எலிமென்டாகவே இருந்தாலும் கழுவும் வேலை தீராது. வளைவுகளுக்கு நடுவே பழுப்பாக ஒரு படலம் ஒட்டும். பல் துலக்கும் பிரஷ்ஷை விட்டுத் தேய்க்க வேண்டும். விட்டுவைத்தால் அடுத்த தடவை அதன்மேலேயே கருகும். போதாததற்குப் பானையில் ஒரு துளை, ஒரு வாஷர், தண்ணீருக்குப் பக்கத்திலேயே மின் இணைப்பு. தவிடு ஒட்டிய பானையைத் தோட்டத்தில் கவிழ்த்துப் போட்டு ஹோஸ் பைப்பால் அடிக்க முடியாது.

ஆல்-இன்-ஒன்னை நண்பர் வீட்டில் பயன்படுத்திப் பார்த்த அளவில்தான் சொல்கிறேன். தட்டுக்கு அடியில் எலிமென்ட் மறைந்திருப்பதால் துடைக்க எளிது. மேஷ் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் கட்டம்) நடக்கும்போது 66 டிகிரியை அதுவே பிடித்துவைத்துக்கொள்வது பெரிய வசதி. ஆனால் கோதுமை பீர் காய்ச்சிய அன்று அடியில் கசடு படிந்து, ஓவர்ஹீட் ஸ்விட்ச் கொதியின் நடுவே அணைந்தது. திரும்பப் போடும் பொத்தான் பாத்திரத்தின் அடியில். மேலே 25 லிட்டர் கொதிக்கும் வோர்ட். சைஃபன் போட்டு வேறு வாளிகளுக்கு மாற்றிய பிறகுதான் அதைத் தொட முடிந்தது. பம்ப்பையும் குழாய்களையும் கழுவுவது தனி வேலை.

இண்டக்‌ஷனில் வோர்ட்டைத் தொடுவது தட்டையான ஸ்டீல் அடி மட்டுமே. அதிலும் பிடிக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதனால் கொதி வரும்வரை அவ்வப்போது நீளக் கரண்டியால் அடியைத் துழாவுகிறேன். வேலை முடிந்ததும் சுடுதண்ணீரில் சோடியம் பெர்கார்பனேட் கலந்து ஊறவிட்டால் அந்தப் பழுப்பு வட்டம் உரிந்து வந்துவிடும். ஒரு ஸ்பாஞ்ச் போதும். பானையில் வயர் இல்லை, துளை இல்லை. அடுப்பைத் துடைத்தால் சமையலறைக்குத் திரும்பப் போய்விடும்.

இனி இண்டக்‌ஷனின் குறைகள். காந்தம் ஒட்டாத பானை இதில் சூடாகாது. அலுமினியப் பானையும் பழைய பீர் கெக்கை (ஸ்டீல் பீப்பாய்) வெட்டிச் செய்த பாத்திரமும் வைத்திருப்பவர்களுக்குப் புதுப் பானைச் செலவு உண்டு. அவர்களுக்கு எலிமென்ட்தான் மலிவு. அடுப்பில் காட்டும் வெப்பநிலை கண்ணாடிக்கு அடியில் அளப்பது, மேஷுக்கு அதை நம்பக் கூடாது. நான் தனித் தெர்மாமீட்டரில் பார்த்து, அடுப்பை அணைத்துப் போர்வை சுற்றிவிடுகிறேன். ஒரு மணி நேரத்தில் ஓரிரு டிகிரி இறங்கும். ஏல் வகையைச் சேர்ந்த சாதாரண பீருக்கு அது போதும். படிப்படியாகச் சூடேற்றும் மேஷ் செய்பவர்களுக்கு ஆல்-இன்-ஒன் தான் சரி.

நிறைந்த பானை 35 கிலோவுக்குக் கிட்டே வரும். கண்ணாடித் தட்டு இதை எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்லும் அளவுக்கு என் அடுப்புக்கு வயதாகவில்லை. வாங்குமுன் தாங்கும் எடையைக் கேளுங்கள். 2 கிலோவாட் வீட்டு அடுப்பு 10, 12 லிட்டருக்குச் சரி, 23 லிட்டருக்கு வேண்டாம்.

எதை வாங்கினாலும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) பாதுகாப்புள்ள சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் தவிர்க்க முடியாதென்றால் 13 ஆம்பியர் கேபிளை முழுக்க விரித்துப் போடுங்கள். சுருட்டியபடியே 3 கிலோவாட் இழுத்தால் அது உருகும்.