உட்ஸ்பாலுக்கு எந்த டேங்க்: அலுமினியமா, கார்பன் ஃபைபரா, சிஓ2-வா?

சாயக் குண்டுகளைச் சுட்டு ஆடும் பெயிண்ட்பாலில், துப்பாக்கிக்கு (மார்க்கர்) வாயு தரும் டேங்க் வாங்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "எத்தனை ஷாட் வரும்?" என்றுதான். காற்றடைத்த பங்கர்களுக்கு நடுவே மழைபோலச் சுட்டுத் தள்ளும் ஸ்பீட்பாலுக்கு அந்தக் கேள்வி பொருந்தும். மரமும் புதருமான உட்ஸ்பால் களத்தில் கேள்வியைக் கொஞ்சம் மாற்ற வேண்டும்: உடம்பில் சுமந்து போகும் குண்டுகள் தீரும்வரை காற்று தாங்குமா? அதற்கு மேல் இருக்கும் காற்று பெரும்பாலும் சுமைதான்.

முதலில் டேங்கின் மேல் இருக்கும் எண்கள். 48/3000 என்றால் 48 கன அங்குலக் கொள்ளளவு, 3000 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரை நிரப்பலாம். ஐரோப்பாவில் இதையே 0.8 லிட்டர், 200 பார் என்பார்கள். 68/4500 அங்கே 1.1 லிட்டர், 300 பார். இரண்டு எண்களையும் பெருக்கி 300-ஆல் வகுத்தால் ஷாட் எண்ணிக்கை தோராயமாகக் கிடைக்கும். 48/3000-க்கு 480, 50/4500-க்கு 750, 68/4500-க்கு 1020, கைக்கடக்கமான 13/3000-க்கு 130. காற்றைச் சிக்கனமாகச் செலவழிக்கும் மார்க்கரில் இது கூடும், பழைய இயந்திர வகையில் குறையும்.

இந்தக் கணக்கு ஒரு விஷயத்தை மறைத்துவிடுகிறது. வழக்கமான ரெகுலேட்டர் சுமார் 800 பிஎஸ்ஐ-யில் காற்றை வெளியே விடும். உள்ளே அழுத்தம் அதற்குக் கீழே இறங்கினால் குண்டின் வேகம் தளரத் தொடங்கிவிடும். அதாவது 3000 டேங்கில் உருப்படியாகக் கிடைப்பது 2200 மட்டும், கால் பங்குக்கு மேல் அடியில் தங்கிவிடுகிறது. 4500 டேங்கில் 3700 கிடைக்கும். விலைச் சீட்டில் தெரிவதைவிட இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரிது.

இனி குண்டுப் பக்கம் வருவோம். மார்க்கரின் மேல் உட்காரும் குண்டுக் கூடையான சாதாரண ஹாப்பரில் 200 குண்டு பிடிக்கும், இடுப்பில் செருகும் ஒரு பாடில் (உபரிக் குண்டுக் குழாய்) 140. ஹாப்பரும் இரண்டு பாடும் எடுத்தால் 480. ஏட்டுக் கணக்கில் 48/3000 இதற்குச் சரியாக ஈடு கட்டுகிறது. ஆனால் அடியில் தங்கும் காற்றைக் கழித்தால் கடைசிப் பாடைத் தொடங்கியதுமே குண்டுகள் இலக்குக்குப் பத்தடி முன்னாலேயே விழ ஆரம்பிக்கும். ஆகவே அலுமினிய 48-ஐ ஹாப்பரோடு ஒரு பாடுக்கான டேங்க் என்று வைத்துக்கொள்வதே நல்லது. வார இறுதியில் அரை நாள் ஆடுபவருக்கு அது போதும். விலையும் குறைவு, கல்லில் பட்டாலும் லேசில் அசராது. குறை அதன் எடை. ரெகுலேட்டரோடு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வரும், அது முழுக்க மார்க்கரின் பின்முனையில் தொங்கும்.

68/4500 கார்பன் ஃபைபர் டேங்க் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் காற்று கொடுத்தும் எடை குறைவு. "அப்படியானால் யோசிக்க என்ன இருக்கிறது?" என்று தோன்றும். விலை இரண்டு மூன்று மடங்கு என்பது ஒரு பக்கம். உருவத்தையும் பார்க்க வேண்டும். குப்புறப் படுத்து முன்னேறும்போது கைப்பிடிக்குக் கீழே பொருத்திய பருத்த டேங்க் தரையில் முட்டி மார்க்கரைத் தூக்கும். முள்புதருக்குள் பின்வாங்கும்போதும் அதுதான் முதலில் சிக்கும். மறுபக்கம், உயரமானவர்களுக்கு நீளமான டேங்க் தோளில் நன்றாகப் பதியும். டேங்கே துப்பாக்கிக் கட்டையாக உதவுவதால் குறி பார்ப்பது எளிது.

என் ஓட்டு இவை இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 50/4500-க்குத்தான். கிட்டத்தட்ட அலுமினிய 48-இன் உருவம், அதைவிடக் குறைந்த எடை, மூன்று பாடு எடுத்துப் போனாலும் தாங்கும் காற்று. உட்ஸ்பாலில் மூன்று பாடுக்கு மேல் சுமப்பவர் ஒன்று இயந்திரத் துப்பாக்கிக்காரர் வேடம் போடுகிறார், இல்லை குறி வைக்கப் பொறுமை இல்லாதவர்.

ஒரே ஒரு சூழலில் 68-க்கு மாறிவிடுவேன்: போர்க்காட்சியோ கதையோ வைத்து ஆடும் பெரிய சினாரியோ ஆட்டங்கள். பென்சில்வேனியாவின் போகோனோ மலைப்பகுதியில் ஸ்கிர்மிஷ் களத்தில் நடக்கும் நார்மண்டிப் படையெடுப்பு ஆட்டம் மாதிரி ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கும் இடத்தில் காற்று நிரப்பும் இடத்துக்கு நடந்துபோய் வரிசையில் நிற்பதே ஒரு வேலை. அங்கே கூடாரத்தில் குண்டை மட்டும் நிரப்பிக்கொண்டு மறுபடி உள்ளே போக முடிவது பெரிய வசதி. ஆனால் களத்தின் கம்ப்ரசர் 4500 வரை ஏற்றுகிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். 3000-தான் என்றால் உங்கள் விலை உயர்ந்த 68 வெறும் 680 ஷாட் டேங்க். இதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கவே கூடாது. 3000 டேங்கில் 4500 ஏற்றினால் பர்ஸ்ட் டிஸ்க் (அழுத்தம் மீறினால் கிழியும் பாதுகாப்புத் தகடு) வெடித்துக் காற்றை வெளியேற்றக்கூடும், அதுவும் அது ஒழுங்காக இருந்தால்தான். நிரப்பும் வாய் இரண்டிலும் ஒன்றேதான் என்பதால் இந்தத் தவறு நடக்க இடமிருக்கிறது.

மேகசின் வகை மார்க்கரோ ஒவ்வொரு ஷாட்டுக்கும் கையால் இழுக்கும் பம்ப் மார்க்கரோ வைத்திருந்தால் கதையே வேறு. 20 குண்டு மேகசின் ஐந்தாறு எடுத்தால் 100, 120 குண்டு. 13/3000 ஏறக்குறைய அவ்வளவுக்குத்தான் வரும், கூடவே இன்னொரு குட்டி டேங்கைப் பையில் போட்டுக்கொள்ளலாம். முழுநாள் செமி ஆட்டோ ஆட இது வேண்டாம்.

சிஓ2-வுக்கு, அதாவது கார்பன் டை ஆக்சைடுக்கு வருவோம். 1981 ஜூனில் நியூ ஹாம்ப்ஷயரின் ஹெனிகரில் 12 பேர் காட்டுக்குள் ஆடிய முதல் ஆட்டமே 12 கிராம் சிஓ2 குப்பிகளோடுதான் நடந்தது. மரங்களுக்கும் மாடுகளுக்கும் அடையாளமிடச் செய்த நெல்ஸ்பாட் 007 துப்பாக்கிகள் அவை. (வென்றவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை என்பார்கள்.) இன்றும் 20 அவுன்ஸ் சிஓ2 டேங்க் மலிவு, ஆயிரம் ஷாட் வரை வரும். சமையல் காஸ் சிலிண்டர்போல உள்ளே இருப்பது திரவம். அது ஆவியாகித்தான் அழுத்தம் தர வேண்டும். தொல்லையும் அங்கேதான். 21 டிகிரி செல்சியஸில் சுமார் 850 பிஎஸ்ஐ தரும் வாயு, 0 டிகிரியில் 500-ஐ ஒட்டி இறங்கிவிடும். வேகமாகச் சுட்டால் டேங்கே குளிர்ந்து இன்னும் தளரும். காலைக் குளிரில் வினாடிக்கு 280 அடி வேகத்துக்குச் சரிசெய்த மார்க்கர் மதிய வெயிலில் களத்தின் வரம்பைத் தாண்டக்கூடும். சாய்த்துப் பிடித்தால் திரவமே மார்க்கருக்குள் போய் ரப்பர் ஓ-ரிங்குகளைக் கெடுக்கும், எலக்ட்ரானிக் மார்க்கரென்றால் மின் வால்வான சோலனாய்டும் போகும். டிப்மன் 98 மாதிரி முரட்டு இயந்திர மார்க்கர் வைத்துக்கொண்டு, பக்கத்தில் கம்ப்ரசர் வசதியும் இல்லாதவருக்கு மட்டுமே சிஓ2-வைச் சொல்வேன். அவரும் டேங்கையும் மார்க்கரையும் இணைக்கும் ரிமோட் குழாய் போட்டு டேங்கை முதுகில் நிமிர்த்தி வைத்துக்கொள்வது மேல்.

அந்த ரிமோட் குழாய் காற்று டேங்குக்கும் உண்டு. எடை கையை விட்டு முதுகுக்குப் போவதால் அலுமினிய 48-இன் பெரிய குறை தீர்ந்துவிடும். சுருள் குழாய் கிளையில் மாட்டுவதுதான் இதற்குக் கொடுக்கும் விலை. ஓடி ஆடாமல் ஓரிடத்தில் பதுங்கிக் காவல் காப்பவருக்கு நல்ல ஏற்பாடு.

பழைய டேங்க் வாங்குகிறவர்கள் கழுத்தருகே இருக்கும் தேதியைப் படிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம். அமெரிக்காவில் அலுமினிய டேங்குக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனை). கார்பன் ஃபைபருக்கு அனுமதியைப் பொறுத்து 3 அல்லது 5 ஆண்டு. பொதுவாக 15 ஆண்டோடு அதன் ஆயுளும் முடிந்துவிடும், பிறகு டெஸ்டுக்கும் எடுக்க மாட்டார்கள். 12 வயதான கார்பன் டேங்க் பாதி விலைக்கு வந்தால் அது மலிவில்லை. டொரோண்டோவில் ஆடுபவர்கள் கனடாவின் டிசி (TC) முத்திரையையும், லண்டன், பாரிஸ் பக்கம் ஆடுபவர்கள் அங்கே செல்லுபடியாகும் முத்திரையையும் பார்க்க வேண்டும். அமெரிக்க முத்திரை மட்டும் இருக்கும் டேங்கை அங்கே நிரப்ப மறுக்கலாம். மேலே சுற்றிய கார்பன் நூலில் ஆழமான கீறலோ நூல் பிரிந்த இடமோ தெரிந்தால் தேதி எதுவானாலும் விட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு, நிரப்பும் வாயில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். உயர் அழுத்தக் காற்று பாயும்போது அது தீப்பிடிக்கக்கூடும்.

டேங்கைக் கழற்றும்போது ரெகுலேட்டரும் சேர்ந்து சுழல்கிறதா என்று பாருங்கள். ரெகுலேட்டர் அசையாமல் புட்டி மட்டும் சுழன்றால் உடனே நிறுத்துங்கள். சிஓ2 புட்டி இப்படி வால்விலிருந்து கழன்று பாய்ந்து அமெரிக்காவில் உயிர் போயிருக்கிறது. அந்த நிலையில் கையில் வைத்து மல்லுக்கட்டாமல் களத்தின் தொழில்நுட்ப ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.