பேட் செக்டர் விழுந்த ஹார்ட் டிஸ்க்: குளோன் எடுப்பதா, புதிதாக விண்டோஸ் போடுவதா?

விண்டோஸ் லோகோ வந்ததும் கணினி நின்றுவிடுகிறது, அல்லது 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' திரைக்கே திரும்பத் திரும்பப் போகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் பேட் செக்டர், அதாவது படிக்க முடியாத இடங்கள், விழுந்ததுதான் காரணம் என்றால் மூன்று வழிகள் உண்டு. அதே டிஸ்க்கைச் சரிசெய்து ஓட்டலாம், அப்படியே எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) குளோன், அதாவது அச்சு அசல் நகல், எடுக்கலாம், அல்லது கோப்புகளை மட்டும் மீட்டுக்கொண்டு எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாகப் போடலாம். நான் எடுத்தது மூன்றாவது வழி. டிஸ்க் நிஜமாகவே கெட்டிருந்தால் மற்றவர்களுக்கும் அதையே சொல்வேன்.

கெட்டது டிஸ்க்தானா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை அமைப்புத் திரை) தேதி பின்னுக்குப் போயிருந்தால் மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். பூட் வரிசையும் சாட்டா (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் வழி) அமைப்பும் அதனாலேயே மாறியிருக்கலாம். அது சரியாக இருந்தால், லினக்ஸ் மின்ட் போட்ட பென் டிரைவில் பூட் செய்து, 'டிஸ்க்ஸ்' செயலியில் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் பட்டியல்) திறந்து 5 (கெட்டதால் மாற்றப்பட்ட செக்டர்கள்), 197 (படிக்க முடியாமல் நிற்பவை), 198 (சரிசெய்ய முடியாதவை), 199 (கேபிள் வழித் தகவல் பிழைகள்) ஆகிய வரிசைகளைப் பாருங்கள். 199 மட்டும் ஏறி மற்றவை 0 என்றால் கோளாறு பெரும்பாலும் சாட்டா கேபிளில். கேபிளை மாற்றினாலும் அந்த எண் குறையாது, மேலே ஏறாமல் நின்றால் போதும். 197-இல் எண் இருந்தால், அத்தனை செக்டர்களை டிஸ்க்கால் படிக்க முடியவில்லை என்று பொருள். 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். அதன்பின் அது தரவு மீட்பு நிபுணரின் வேலை.

செக்டிஸ்க் (விண்டோஸிலேயே உள்ள, டிஸ்க்கைச் சோதிக்கும் கருவி) ஓட்டி அதே டிஸ்க்கைத் தொடர்வது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மின்வெட்டில் ஃபைல் சிஸ்டம் குழம்பியிருந்தால் அது உதவும். ஆனால் 'ஆர்' சுவிட்ச் (/r) போட்டு ஓட்டினால் காலி இடம் உட்பட டிஸ்க் முழுவதையும் படிக்கும், கோப்பு அட்டவணையிலும் கை வைக்கும். கோப்புகளை வெளியே எடுக்கும் முன் அதை ஓட்டவே கூடாது.

குளோனுக்கும் புது நிறுவலுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. அதைத் தீர்மானிப்பது ஒரே விஷயம்: கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கை இன்னும் எவ்வளவு படிக்க வைக்கப் போகிறோம்? நல்ல டிஸ்க் நொடிக்கு 100 எம்பி படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1 டிபி முழுவதையும் படிக்க இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். 300 ஜிபி நிரம்பிய டிஸ்க்கில் நிரம்பிய பகுதியை மட்டும் எடுத்தால் 50 நிமிடம். நமக்கு வேண்டிய ஆவணமும் படமும் 60 ஜிபி என்றால் 10 நிமிடம். சிறு கோப்புகள் அதிகம் என்றால் கொஞ்சம் கூடும். பேட் செக்டர் வந்துவிட்டால் இந்தக் கணக்கு எல்லாமே தலைகீழாகும். கெட்ட செக்டர் ஒவ்வொன்றையும் டிஸ்க் மறுபடி மறுபடி படிக்க முயலும், நொடிகள் நிமிடங்களாகும், ஹெட் மேலும் தேயும். குளோனில் வரிசையை நாம் தீர்மானிக்க முடியாது. குழந்தையின் படங்களை எட்டும் முன்னே, எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய விண்டோஸ் கோப்புக்காக டிஸ்க் மூச்சு முட்டிக்கொண்டிருக்கும். கையால் எடுக்கும்போது ஈடு செய்ய முடியாதவை முதலில் வரும்: 'யூசர்ஸ்' ஃபோல்டரில் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப், வீடியோக்கள் கடைசியில். ஒரு ஃபோல்டரில் சிக்கினால் அதை விட்டு அடுத்ததுக்குப் போகலாம்.

இன்னொன்று, படிக்க முடியாத செக்டர் குளோனில் வெற்றிடமாகத்தான் போய்ச் சேரும். அது ரெஜிஸ்ட்ரியிலோ (விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் இடம்) டிரைவர் கோப்பிலோ விழுந்திருந்தால் புது எஸ்எஸ்டியும் பூட் ஆகாது. எஸ்எஸ்டி சிறியதாக இருந்தால் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும். கெட்ட டிஸ்க்கில் அதுவே ஆபத்து.

புது நிறுவலில் மறந்துபோகும் சிலவற்றையும் சொல்ல வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டிய ஆவணங்கள் இருந்தால் 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் உள்ள 'ஃபான்ட்ஸ்' முழுவதையும் எடுத்துவையுங்கள். எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். பிரவுசர் புக்மார்க்குகள் மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா'வில் இருக்கின்றன. விண்டோஸ் 10 அல்லது 11-இன் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு பிணைந்தது. அதே பதிப்பைப் போட்டு இணையத்தில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகும்.

நிறுவும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றியே வையுங்கள். இருந்தால் கணினியைத் தொடங்கிவைக்கும் பூட் பார்ட்டிஷன் அதிலேயே போய் உட்கார்ந்துகொள்ளலாம். அப்படி ஆனால், பிறகு பழைய டிஸ்க்கைக் கழற்றிய அன்று புதியதும் பூட் ஆகாது.

5, 197, 198 மூன்றும் 0 ஆக இருந்து, கணினி மெதுவாக இருப்பது மட்டுமே குறை என்றால் என் கட்சி மாறும்: குளோனே வசதி. நிறுவல் கோப்பு தொலைந்துபோன பழைய மென்பொருள் இருந்தாலும் அப்படியே. டிஸ்க் கெட்டும் இருந்து, குளோனும் கட்டாயம் என்றால் சாதாரணக் குளோன் மென்பொருளை நம்பாமல் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மீட்புக் கருவியை எடுங்கள். நன்றாகப் படிக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, சிக்கலானவற்றைக் கடைசிக்கு ஒதுக்கும். எதுவரை படித்தது என்று குறித்துவைக்க ஒரு மேப் கோப்பு கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மூல டிஸ்க் எது, சேரும் டிஸ்க் எது என்பதை அளவையும் சீரியல் எண்ணையும் வைத்து இருமுறை சரிபாருங்கள். மாற்றிக் கொடுத்தால் இருக்கும் தரவின் மேலேயே எழுதிவிடும்.