சுங்கை சிப்புட் விளையாட்டுச் செய்தி எழுதுற கிளாஸ், தாராளமா போலாம்

வாரக்கடைசில ஸ்டூடண்ட்ஸுக்கு நடக்குது, கட்டுன காசுக்கு வொர்த் லா. 2010 சுசுகி கிண்ண (தென்கிழக்காசிய காற்பந்து) பைனல், மலேசியாவும் இந்தோனேசியாவும் புக்கிட் ஜாலில்ல ஆடுன மொத ஆட்டத்த போட்டுட்டு விசில் ஊதுன பத்து நிமிசத்துல செய்தி கைக்கு வரணும்னாரு சாரு. மொத பாதில கோலே இல்ல, ஒரு மணி நேரம் தாண்டுனதும் சாஃபி சாலி ரெண்டு, அஷாரி ஒண்ணு, மலேசியாவுக்கு 3-0, அதுவரைக்கும் அடிச்சி வெச்ச ஆரம்ப வரியெல்லாம் குப்பைக்கு! அதனால, ரசிகருங்க அடிச்ச லேசர் லைட்டால ஆட்டம் கொஞ்ச நேரம் நின்னது, யாரு எப்ப கோல் போட்டாங்கன்னு கீழ்ப்பகுதிய ஓட ஓட எழுதிட்டு, மேல ரெண்டு வரிய கடைசிலதான் வைக்கணுமாம். ஆட்டக்காரர் பேர்ல எழுத்து மாறுனா மார்க் கட் (இதுல அவரு ரொம்பவே கறாரு). வைஃபை படுமோசம், போன்ல டேட்டா போட்டுக்கங்க. எஸ்பிஎம் பிள்ளைங்க பரீட்ச முடிஞ்சிட்டு சேருங்க, ஹோம்வொர்க் ஜாஸ்தி.