முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5: சாலையிலும் பந்தயப் பாதையிலும் ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறை வண்டி ஒன்றை இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். 1.6 லிட்டர் என்ஜின், ஐந்து கியர், துணிக்கூரை என்று எளிமையான வண்டி அது. சாலையில் ஓடும் அதே கார்தான் கோடைக்கால வார இறுதிகளில் ஹில்க்ளைம்ப் (ஏற்றப் பாதைப் போட்டி), ஸ்பிரிண்ட் (கடிகாரத்துக்கு எதிரான குறுகிய தூரப் போட்டி) போன்ற அமெச்சூர் போட்டிகளுக்கும், பந்தயப் பாதையில் நேரக்கணக்கு இல்லாமல் ஓட்டும் டிராக் டே நாள்களுக்கும் செல்கிறது. இதை வேகமாக்க முதலில் எதை வாங்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அந்த நிலைக்கு வண்டியை முதலில் கொண்டுவாருங்கள் என்பதே இத்தனை காலப் பயன்பாட்டுக்குப் பிறகும் என் பதில். குதிரைத்திறனைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு அந்தத் தேவையே வராது.

இதற்கான காரணம் காரின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. எடை ஏறத்தாழ 950 கிலோ, திறன் ஏறத்தாழ 115 குதிரைத்திறன். நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரு கைகள் தாங்கும்) சஸ்பென்ஷன்; பானெட் அலுமினியத்தால் ஆனது; கியர்பாக்ஸையும் பின்புற டிஃபரன்ஷியலையும் (பின்சக்கரங்கள் இரண்டுக்கும் திறனைப் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டி) ஒரே விறைப்பான உறுப்பாகப் பிணைக்கும் அலுமினியச் சட்டம் ஒன்று நடுவே ஓடுகிறது. (அந்தச் சட்டத்தின் அடியில் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கவே கூடாது.) எடை குறைவு என்பதால் நேரம் மட்டும் மிச்சமாவதில்லை. பிரேக் பேடுகள் மெதுவாகத் தேய்கின்றன, டயர்கள் நீண்ட காலம் வருகின்றன, 14 அங்குலச் சக்கரத்துக்கான சிறிய டயர்களின் விலையும் குறைவு. பந்தயப் பாதையில் ஒரு நாள் முழுவதும் ஓட்டிவிட்டு அதே டயர்களில் வீடு திரும்பலாம். சாதாரணச் சம்பளக்காரர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் இந்த விளையாட்டில் நீடிப்பதற்கு இதுவே வழி.

போட்டிகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஹில்க்ளைம்ப் என்பது குறுகலான ஏற்றப் பாதையில் ஒவ்வொரு காராக, கடிகாரத்துக்கு எதிராக மட்டும் ஓட்டும் போட்டி. வூஸ்டர்ஷயரில் உள்ள ஷெல்ஸ்லி வால்ஷில் 1905 முதல் இது நடக்கிறது. அங்கே பாதையின் நீளம் 1000 கெஜம், அதாவது 914 மீட்டர். அதற்குள் சுமார் 100 மீட்டர் உயரம் ஏற வேண்டும். சாய்வில் நிற்கும் கார் பின்னால் உருளாதபடி பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார்கள். பச்சை விளக்கு எரிந்தபின் நாம் தயாரானபோது கிளம்பலாம். காரின் முன்புறம் பொருத்திய செங்குத்துப் பட்டை ஒளிக்கற்றையைக் கடக்கும் கணத்தில்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அந்தப் பட்டையும், மின்கலத்தின் எர்த் கம்பிக்கு மஞ்சள் அடையாளமும், அங்கீகரிக்கப்பட்ட ஹெல்மெட்டும், தீத்தடுப்பு உடையும், பிரிட்டனின் மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் மோட்டார்ஸ்போர்ட் யுகே அமைப்பின் விதிகள் கேட்பவை. எம்எக்ஸ்-5இல் மின்கலம் டிக்கியில் இருக்கிறது என்பதால் மஞ்சள் நாடாவையும் அங்கேதான் சுற்ற வேண்டும். போட்டிக்கு முன் காரைப் பார்வையிடும் சோதனையாளர் அதைப் பார்க்க டிக்கியைத் திறந்தே வைத்திருப்பது நல்லது.

இந்தக் காரில் உழைப்புக்கு அதிகப் பலன் கிடைத்த இடம் சஸ்பென்ஷன் புஷ்கள், அதாவது சஸ்பென்ஷன் கைகளின் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உறைகள். முப்பது ஆண்டுப் பழைய ரப்பர் புஷ், வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் பிரேக்கை அழுத்தும்போதும் வளைவில் திரும்பும்போதும் சக்கரத்தின் கோணம் அதன் விருப்பப்படி மாறிக்கொண்டிருக்கும். ஓட்டுநருக்கு அது ஸ்டீயரிங்கில் ஒரு தெளிவின்மையாக மட்டுமே தெரியும், பழகிப்போனால் அதுவும் தெரியாது. எல்லாப் புஷ்களையும் ஒரே குளிர்காலத்தில் மாற்றியபோது கிடைத்த வேறுபாடு, அதற்கு முன்போ பின்போ நான் செய்த எந்த மாற்றத்திலும் கிடைக்கவில்லை. பாலியூரித்தேன் புஷ்களை விட நிறுவனத்தின் ரப்பர் புஷ்களையே நான் தேர்ந்தெடுத்தேன். பாலியூரித்தேனுக்கு அவ்வப்போது கிரீஸ் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் முனகும், இறுகும். சாலையிலும் ஓடும் காருக்கு ரப்பரே போதும் என்பது என் கருத்து.

இந்த வேலையில் உண்மையான தடை, கேம்பரையும் (சக்கரம் செங்குத்திலிருந்து உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்) டோவையும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) சரிசெய்யும் நீண்ட போல்ட்டுகள். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பால், அவை புஷ்ஷின் உலோகக் குழாய்க்குள் துருவேறி ஒட்டிக்கொள்கின்றன. சுழற்றினால் போல்ட்டோடு புஷ்ஷும் சேர்ந்து முறுக்கும். பல கார்களில் அவற்றை அறுத்தே எடுக்க வேண்டியிருக்கிறது. வீல் அலைன்மென்ட் செய்வதாகப் பணம் வாங்கிய ஒரு பட்டறை, இந்தப் போல்ட்டுகள் சுழலவில்லை என்பதையே சொல்லாமல் டோவை மட்டும் மாற்றி அனுப்பியதும் எனக்கு நடந்திருக்கிறது. ஆகவே அலைன்மென்ட்டுக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு போல்ட்டும் தனியாகச் சுழல்கிறதா என்று நாமே பார்த்துவிட வேண்டும். புதிய போல்ட்டுகளைப் பூட்டும்போது ஒட்டுத்தடுப்புப் பசையைத் தாராளமாகப் பூசினால் அடுத்த முறை அரைமணி நேர வேலைதான். என் காரில் முன்சக்கரங்களுக்கு 2 பாகை எதிர்க் கேம்பர், பின்சக்கரங்களுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு, முன் டோ பூஜ்யம், பின் டோ சிறிது உள்நோக்கி என்று வைத்திருக்கிறேன். ஈரமான ஏற்றத்தில் பின்பகுதி திடீரென விலகாமல் இருக்க அந்தச் சிறிய உள்நோக்கு மிகவும் உதவுகிறது.

காரைத் தாழ்த்துவதில் கட்டுப்பாடு தேவை. எம்எக்ஸ்-5இன் சஸ்பென்ஷனுக்கு, குறிப்பாகப் பின்புறத்தில், மேலும் கீழும் அசைய இருக்கும் இடம் மிகக் குறைவு. அதிகமாகத் தாழ்த்தினால் டாம்பர் (ஸ்பிரிங்கின் அசைவை அடக்கும் உறுப்பு) உடனே தடுப்பு ரப்பரில் போய் முட்டும். அந்தக் கணத்தில் ஸ்பிரிங்கின் கடினம் பல மடங்கானதைப் போல ஆகி, டயர் பிடியை இழக்கும். படத்தில் அழகாகத் தெரியும் உயரமும் மேடுபள்ளமான பாதையில் வேகமாக ஓடும் உயரமும் ஒன்றல்ல. சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வளைவின் விளிம்பு வரை 330 மில்லிமீட்டர் இருக்குமாறு நான் வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே இறங்கியதில்லை.

பிரேக்கைப் பொறுத்தவரை, பெரிய டிஸ்க்குகளைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு உண்டு. முதலாவது பிரேக் ஆயில். டாட் 4 தரத்தின்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய நிலையில் அது 155 வரை இறங்கலாம். டிராக் டேயில் தொடர்ந்து ஓட்டும்போது, பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிபருக்குள் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும். அதனால் ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும், வெயில்கால டிராக் டேக்கு முன்பும் ஆயிலை முழுவதுமாக மாற்றுகிறேன். பேடுகள் மிதமான சூட்டிலேயே பிடிப்பவையாக இருக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கும் குறைவாக முடியும் ஏற்றத்தில் பந்தயப் பேடுகள் சூடேறவே நேரம் இல்லை. முதல் வளைவில்தான் அது தெரியவரும்.

இரண்டாவது பின்புறக் காலிபர்கள். கைப்பிரேக்கின் இயக்கமும் அதற்குள்ளேயே இருப்பதாலும் உப்பாலும் அவை இறுகிவிடுகின்றன. ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பிடிக்காத காரைப் பலர் ‘முன்பிரேக் பலவீனம்’ என்று எண்ணிப் பெரிய முன்டிஸ்க்குகள் வாங்குகிறார்கள். காலிபரின் பின்னால் 14 மி.மீ. தலை கொண்ட மூடி போல்ட்டைக் கழற்றினால், உள்ளே 4 மி.மீ. ஆலன் சாவி பொருந்தும் திருகு இருக்கிறது. பேட் டிஸ்க்கைத் தொடும் வரை அதை முறுக்கி, மூன்றில் ஒரு சுற்று பின்வாங்க வேண்டும். இதைச் செய்த அன்றே பெடல் உயரமும் கைப்பிரேக்கும் சரியாகிவிடும். காலிபர் நகர்வதற்கான வழுக்குப் பின்களைக் கழற்றித் துடைத்து, ரப்பருக்கு ஏற்ற கிரீஸ் வைப்பதையும் அதே நாளில் முடித்துவிடலாம்.

குளிர்விப்பு அமைப்பைப் பற்றி அச்சமூட்டும் பேச்சு நிறைய உண்டு. அதில் பாதி உண்மை. இந்த என்ஜின் குடும்பம் மாஸ்டாவின் முன்சக்கர இயக்கக் கார்களில் குறுக்காகப் பொருத்தப்பட்டது. அதை எம்எக்ஸ்-5இல் நீளவாக்கில் வைத்தபோது தண்ணீர் நுழையும் வழியும் வெளியேறும் வழியும் முன்புறத்திலேயே அமைந்துவிட்டன. அதனால் பின்கோடியில் உள்ள நான்காவது சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாக இயங்குகிறது. டர்போ பொருத்துபவர்கள் வெளியேறும் வழியை ஹெட்டின் (என்ஜினின் மேற்பகுதி) பின்பக்கத்துக்கு மாற்றுவது நியாயமே. டர்போ இல்லாத 1.6க்கு, இங்கிலாந்தின் வெப்பநிலையில், நல்ல ரேடியேட்டரும் புதிய குழாய்களும் தெர்மோஸ்டாட்டும் போதும். பழைய ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கருப்பிலிருந்து பழுப்புக்கு மாறியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

முன்சக்கரம் சுழலத் தாங்கும் ஹப் பேரிங்கைத் தேய்பொருளாகவே கருத வேண்டும். அகலமான, நன்கு பிடிக்கும் டயர்களைப் போட்டால் அது இன்னும் விரைவாகத் தேயும். ஹப்போடு சேர்ந்த மூடிய உறுப்பு என்பதால் முழுவதுமாகவே மாற்ற வேண்டும். ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் காரைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கிறேன்.

என் காரில் உண்மையான மாற்றம் என்று சொல்லத்தக்கது டிஃபரன்ஷியல். முதல் 1.6 கார்களின் சிறிய டிஃபரன்ஷியல் வலுவற்றது. ஏற்றத்தில் கிளம்பும்போது ஒரு பின்சக்கரம் மட்டும் வீணாகச் சுழலும். 1.8 காரின் டார்சன் டிஃபரன்ஷியலை (ஒரு சக்கரம் வீணாகச் சுழலாதபடி மற்றதற்கும் திறனைத் தரும் வகை) அதன் டிரைவ் ஷாஃப்ட்டுகளோடும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டோடும் சேர்த்து மாற்றினேன். அதன் இறுதிக் கியர் விகிதம் 4.1 என்பதால், 4.3 கொண்ட 1.6இன் துடிப்பு சற்றுக் குறையும். இருந்தும் வளைவிலிருந்து வெளியேறும் இடத்தில் கிடைக்கும் பிடி அந்த இழப்பை ஈடுசெய்துவிடுகிறது.

என்ஜினில் நான் கைவைத்ததெல்லாம் பராமரிப்பு மட்டுமே. 60,000 மைலுக்கு ஒருமுறை டைமிங் பெல்ட், அதோடு தண்ணீர்ப் பம்ப்; ஹெட்டின் பின்னால் கேம் ஷாஃப்ட்டின் நிலையை அறியும் உணரியின் அடியில் எண்ணெய் கசியும் ஓ-வளையம்; கசியத் தொடங்கும் கிளட்ச் சிலிண்டர். சத்தமான சைலன்சர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பந்தயப் பாதைகள் குடியிருப்புகளுக்கு அருகே இருக்கின்றன. ஒலி வரம்பை மீறிய கார் காலையிலேயே வீட்டுக்கு அனுப்பப்படும்.

பாதுகாப்புக்குச் செலவிட்ட பணத்தில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை. திறந்த காரில் ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் உலோக வளைவு) இல்லாமல் பந்தயப் பாதைக்குச் செல்லக் கூடாது. பல டிராக் டே ஏற்பாட்டாளர்கள் அதைக் கட்டாயமாகவே கேட்கிறார்கள். ரோல் பாரின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சி வரை நேரான கோல் ஒன்றை வைத்தால், ஹெல்மெட் அதற்குக் கீழே இருக்க வேண்டும். உயரமானவர்களுக்கு அசல் இருக்கையில் இது சாத்தியப்படாது. தாழ்வான பக்கெட் இருக்கை பொருத்த வேண்டியிருக்கும்.

வாங்க நினைப்பவர்கள் என்ஜினைவிட உடலைப் பாருங்கள். துணிக்கூரையின் பின்விளிம்பில் சேரும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள குழாய்கள் வழியாகக் கீழே இறங்குகிறது. இலைக்குப்பையால் அது அடைத்தால், பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள சில் பகுதி (கதவுக்கு அடியில் ஓடும் உடற்பாகம்) உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வளையும் கம்பி ஒன்றை விட்டுப் பார்த்து, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் எங்கே வெளியேறுகிறது என்பது தெரிந்துவிடும். மேலே புதுப் பெயின்ட் அடித்த சில்லைச் சந்தேகத்துடனே அணுகுங்கள். வெல்டிங் செலவு காரின் விலையைத் தாண்டக்கூடியது. அடுத்து பானெட்டைத் திறந்து, என்ஜினின் முன்னால் கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் புல்லியின் நடுப்பகுதியைப் பாருங்கள். நான்கு பிளவுகள் இருந்தால் அது தொடக்க ஆண்டுகளின் குறுமூக்குக் கிராங்க், அதாவது புல்லி அமரும் முனை குட்டையானது. புல்லி போல்ட் தளர்ந்து, புல்லியை நிலைநிறுத்தும் சாவி அமரும் குழி சிதையும் குறை அதற்கு உண்டு. எட்டுப் பிளவுகள் இருந்தால் பிந்தைய, வலுவான கிராங்க். நான்கு பிளவுள்ள காரை ஒதுக்க வேண்டியதில்லை, விலையில் அதைக் கணக்கிட்டால் போதும். ஆனால் டைமிங் பெல்ட்டை மாற்றியவர் அந்த போல்ட்டைச் சரியான இறுக்கத்தில் பூட்டினாரா என்பதற்கு ரசீதோ விவரமோ கேளுங்கள்.